பத்து ரூபாய் பல்பு கற்பித்த பொருளியல்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

"ஏழை ஏன் மலிவான பொருளை வாங்கிப் பின்னர் அதிகம் செலவழிக்கிறான்?" என்று எங்கள் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் வினவினார். அறியாமையே காரணம் என்றனர் சிலர். நான் எழுந்து, "கையில் முதல் இல்லாமைதான் ஐயா" என்றேன். அவ்விடையை நான் எந்த நூலிலிருந்தும் பெறவில்லை. என் தந்தையாரின் தையல் இயந்திரத்திற்கு மேலே தொங்கிய குண்டு பல்பே எனக்கு அதனைக் கற்பித்தது. அந்தப் பாடத்தை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு விளக்குகள்

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டி உள்ளது. 2014ஆம் ஆண்டில் நான் ஐந்தாம் வகுப்பு மாணவி. அவ்வாண்டு புதுச்சேரியில் ஒரு புதுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்துப் பத்து ரூபாயும் செலுத்தினால் 7 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று கிடைக்கும். வீட்டுக்கு மூன்று பல்புகள். அன்று அப்பல்பின் கொள்முதல் விலையோ 310 ரூபாய்!

செய்தி கேட்டு என் தந்தையார் கடைக்குச் சென்று எல்.இ.டி. பல்பின் விலையை விசாரித்தார். "இரண்டு நாள் தையல் கூலி" என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினார். குண்டு பல்பின் வெப்பத்தில் அவர் நெற்றி வியர்க்க, தையல் தொடர்ந்தது. குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது என்பதைப் பின்னாளில்தான் படித்து அறிந்தேன்.

எளிய கணக்கு

நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட் மின்சாரம் உண்ணும். 7 வாட் பல்புக்கு 13 யூனிட் போதும். மிச்சம் 97 யூனிட். யூனிட் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 291 ரூபாய் மீதம். ஆக, 310 ரூபாய் முதல் பதின்மூன்று மாதங்களில் திரும்பிவிடும். எந்த வங்கியும் இவ்வளவு வட்டி தருவதில்லை. ஆயினும் என் தந்தையாரால் வாங்க இயலவில்லை. பதின்மூன்று மாதங்கள் காத்திருக்கும் பணம் அவரிடம் இல்லை. அறிவுரைகள் ஆயிரம் கூறினும் இந்தத் தடை நீங்காது. தள்ளுபடி ஒன்றே அதனை நீக்கும்.

தள்ளுபடி தானமன்று

அப்படியானால் மீதி 300 ரூபாயை ஏற்றவர் யார்? மத்திய அரசின் மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் கூட்டாக 2009இல் தோற்றுவித்த ஈ.ஈ.எஸ்.எல். என்னும் நிறுவனம் அத்தொகையை முதலில் முதலீடு செய்தது. புதுச்சேரி மின்துறை தனக்குக் கிடைக்கும் சேமிப்பிலிருந்து அதனை ஆண்டுதோறும் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு.

மின்சாரத்தை விற்பவரே அதைக் குறைத்துப் பயன்படுத்தப் பணம் தருவானேன் என்ற ஐயம் எழலாம். ஒரு லட்சம் பல்புகள் இவ்வாறு மாறினால், அவை அனைத்தும் எரியும் மாலை வேளையில் 5.3 மெகாவாட் தேவை குறைகிறது. அந்த நேரத்து மின்சாரமே மிகுந்த விலைக்கு வாங்கப்படுவது. வழியில் கம்பிகளில் வீணாகும் மின்சாரமும் மிச்சமாகிறது. எனவே தள்ளுபடி என்பது புதிய மின்நிலையத்தைவிட மலிவான மின்நிலையம் எனலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், விற்பனை குறைந்தாலும் மின் நிறுவனத்தின் வருவாய் குறையாதபடி 1982இலேயே விதி வகுத்தது. சிக்கனத்தை ஊக்குவிப்பதில் நிறுவனத்திற்கு இருந்த தயக்கத்தைப் போக்கவே அவ்விதி.

புதுச்சேரியில் தொடங்கிய முயற்சி 2015 ஜனவரியில் நாடு தழுவிய திட்டமாகி, பின்னர் 'உஜாலா' எனப் பெயர் பெற்றது. மொத்தக் கொள்முதல் பெருகப் பெருக விலை சரிந்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாயிற்று. திட்டத்தில் சேராத எங்கள் வீட்டிலும் கடை விலைக்கே வாங்கிய எல்.இ.டி. பல்பு ஒருநாள் எரிந்தது. அன்று தந்தையார் இயந்திரத்தின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தார். "தலையில சூடே தெரியலம்மா" என்றார்.

அத்தையின் மீட்டர்

இத்துணை நன்மையுள்ள திட்டத்திலும் ஒரு குறை உண்டு. என் அத்தை அப்போது புதுச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மூன்று பல்புகளும் கிடைத்திருக்கும் என்று மகிழ்ச்சியோடு விசாரித்தார் என் தந்தையார்.

"மீட்டர் வீட்டுக்காரங்க பேருல இருக்கு அண்ணே. பில்லு கட்டுறது மட்டும்தான் நாங்க" என்றார் அத்தை.

பல்புகள் வீட்டுக்காரர் பகுதியில் எரிந்தன. அத்தையின் அறையில் குண்டு பல்பே எரிந்தது. வீட்டுக்காரர் தவறு செய்தார் என்று கூற மாட்டேன். இணைப்பு அவருடையது. விதியும் இணைப்பைத்தான் கேட்டது, கட்டணம் செலுத்துபவரைக் கேட்கவில்லை. பொருளை வாங்க வேண்டியவர் ஒருவர், பலன் பெறுபவர் மற்றொருவர் என்றால் சிக்கனம் நடவாது. கடைத்தெருவில் வாடகைக் கடை வைத்திருப்போர் நிலையும் இதுவே.

முடிவுரை

இன்று பல்பின் இடத்தில் மின்விசிறி நிற்கிறது. சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் உண்ணும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஆனால் விலை ஏறத்தாழ இருமடங்கு. தையற்காரரின் கதை மீண்டும் தொடங்குகிறது. இனி வரும் தள்ளுபடித் திட்டங்கள் மீட்டரில் உள்ள பெயரை மட்டும் பாராமல், அந்த வீட்டில் இரவு உறங்குபவரையும், அந்தக் கடையில் பகலெல்லாம் உழைப்பவரையும் பார்க்க வேண்டும். வாடகை ரசீது ஒன்றே போதும் என்று விதி வகுப்பது கடினமன்று.

சிறுதுளி பெருவெள்ளம் என்பர் நம் முன்னோர். அத்துளியைச் சேமிக்க ஏழைக்கும் ஒரு குடம் வேண்டும் அன்றோ? அக்குடத்தை அளிப்பதே அரசின் கடமை என்பது என் துணிபு.