தொட்டியில் சீமையத்தி: காயைக் கனியச் செய்யும் முறை

சீமையத்தியின் காய் மரத்திலேயே கனிய வேண்டும். மாங்காயைப்போல் முன்னதாகப் பறித்து வைக்கோலில் மூடினால், அது மெத்தென்றாகுமேயன்றித் தக்க இனிப்பை அடையாது. ஆகையால் காய் கனியும் சமயத்தில் மரம் எத்தகைய சீதோஷ்ணத்தில் நிற்கிறது என்பதே முக்கியமாகும்.

குளிர்தேசங்களில் உஷ்ணக் குறைவே தடை. பிரான்ஸில் 17-ஆம் நூற்றாண்டில், 14-ஆம் லூயி அரசரின் தோட்டத் தலைவரான லா கேந்தினி, வெர்சேல்ஸில் அத்தி மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, பனிக்காலத்தில் கட்டடத்துக்குள் வைத்துக் காத்தார். புதுச்சேரியில் உஷ்ணத்துக்குக் குறைவில்லை. இங்கே தடை மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கனியும் பழம் வெடித்துப் புளித்துப்போம். இலைகளில் துருநோயும் காணும். இரு தேசங்களுக்கும் பரிகாரம் ஒன்றே: இடம் மாற்றக்கூடிய தொட்டி.

தொட்டியும் மண்ணும்: வாய் ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியின் அடித்துவாரத்தின்மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்புக. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்து நிரப்புக. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை வேரைச் சிறிது கழித்து மண்ணை மாற்றுக.

கவாத்து: புதுத்தளிரின் இலைக்கணுக்களில் காய் தோன்றும். ஆதலால் மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் கிளைகளைக் குறைத்தால், கோடையில் பழம் எடுக்கலாம். அடைமழைக் காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்து, மற்றக் காலங்களில் நல்ல வெயிலில் வைக்க வேண்டும்.

நீர்: காய் முதலில் விரைந்து பருத்து, பின் சில வாரங்கள் வளராமல் நின்று, கடைசியில் திடீரென்று பெருத்துக் கனியும். நடுவில் வளர்ச்சி நின்றதைக் கண்டு அஞ்சி உரத்தை மிகுதியாக இடலாகாது. மண் காய்ந்தால் காய் உதிரும். காயவிட்டுப் பின் வெள்ளமாய் ஊற்றினால் வெடிக்கும். கனியும் தருணத்தில் அளவாகவும் ஒழுங்காகவும் நீர் விடுக.

எண்ணெய் இடுதல்: பாரிஸ் நகருக்கு அருகேயுள்ள அர்ஜாந்தேய் ஊரார், காயின் கண்ணில் ஒரு துளி ஒலிவ எண்ணெய் இட்டுக் கனிவை விரைவுபடுத்தி வந்தனர். எண்ணெய் பட்ட காயில் எதிலீன் என்னும் வாயு உண்டாவதே இதன் காரணம். முற்றிய காய்க்கே இது பயன்படும், பிஞ்சைப் பழமாக்காது.

அறுவடை: காம்பு வளைந்து, பழம் தொங்கி, தொட்டால் மெத்தென்றிருந்தால் பறிக்கலாம். பறித்த காம்பில் பால் மிகுதியாக வடிந்தால் இன்னும் கனியவில்லை என்று அறிக. அப்பால் தோலில் பட்டால் அரிப்பு உண்டாகும். காகம், அணில் தின்னாதபடி வலையிட்டு, காலையில் பறித்து, ஓரிரு நாட்களுக்குள் உபயோகிக்க வேண்டும்.

மஹாராஷ்டிரத்துப் புரந்தர் அத்திக்கு 2016-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் மழைக்காலப் பழத்தைவிடக் கோடைப் பழமே இனிப்பில் சிறந்தது. விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் முதலில் இரண்டு தொட்டிகளில் பரீக்ஷித்து, பலன் கண்டபின் பெருக்கிக்கொள்வார்களாக.