தக்காளியின் மூச்சைத் தணிக்கும் கற்றாழை

அன்புள்ள மருமகளுக்கு,

கற்றாழைக் கூழ் பூசினால் தக்காளி கெடாமல் இருக்குமா என்று கேட்டிருந்தாய். கூடுதல் நாள் இருக்கும். ஆனால் எந்தப் பருவத்தில், எப்படிப் பறித்தது என்பதைப் பொறுத்தே அது.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில், களுதாவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களை நீ பார்த்திருக்கிறாய். எல்லாருடைய காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும். நாலு நாள் பொறுத்து விற்கப் பழம் இடங்கொடுக்காது. இலங்கையில் பழமும் மரக்கறியும் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வரை வீணாவதாக மதிப்பிடுகிறார்கள். வியர்வை சிந்தி விளைத்தது குப்பைக்குப் போவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

பறித்த பின்னும் தக்காளி சுவாசிக்கிறது. ஒட்சிசனை எடுக்கிறது, எதிலீன் வாயுவைத் தானே உண்டாக்கிப் பழுக்கிறது. இலையில் இருப்பதுபோல் அதன் தோலில் இலைவாய்கள் இல்லை. காம்பு கழன்ற வடுவே அதற்குப் பெரிய வாசல். பூச்சு அந்த வாசலை ஒருக்களித்துச் சாத்துகிறது, அவ்வளவுதான். ஆகவே வேறெங்கு தவறினாலும் வடுவில் பூச்சு நன்றாகப் படியவேண்டும்.

ஸ்பெயினில் 2005இல் திராட்சைக்குக் கற்றாழைக் கூழ் பூசிப் பயன் கண்டார்கள். மலேசியாவில் அரபுப் பிசினின் 10 வீதக் கரைசலைத் தக்காளிக்குப் பூசி, 20 பாகை செல்சியசில் 20 நாள் வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. பூசிய பழம் எடையும் இறுக்கமும் மெதுவாகவே இழந்தது. நமக்குப் பிசின் வேண்டாம், கற்றாழை வேலியோரத்திலேயே வளர்கிறது.

மடலை வெட்டி நிமிர்த்தி வை. மஞ்சள் பால் முழுக்க வடியட்டும். அது கசக்கும், வயிற்றையும் கலக்கும். உள்ளிருக்கும் கூழை அரைத்து வடித்து, கொதிக்கவிடாமல் சூடாக்கி ஆறவிடு. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் மாறாது. கழுவி உலர்த்திய பழத்தை அதில் முக்கியெடுத்து, காற்றாடிக்குக் கீழே காயவை. வாவிக்காற்றின் ஈரத்தில் தானாகக் காயட்டும் என்று விட்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். தடிப்பாகவும் பூசாதே, ஒட்சிசன் அடியோடு தடைப்பட்டால் பழம் உள்ளே புளித்து நாறும்.

அடியில் இலேசாகச் சிவப்புத் தட்டும்போதே பறிக்கவேண்டும். சாக்கில் அமுக்கி நசுங்கிய பழத்தை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. 30 பாகைக்கு மேல் சூடேறினால் சிவப்பு நிறமான லைக்கோப்பீன் சரியாக உண்டாகாமல் பழம் மஞ்சளோடிக் கிடக்கும். நம்முடைய ஊர் வெயிலில் நிழலும் பூச்சளவுக்கு முக்கியம். முழுக்கப் பழுக்காததைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதே, சுமார் 12 பாகைக்குக் கீழே அது குளிரால் பழுதாகும்.

ஒரே செடியில் பறித்த பழங்களில் பாதியைப் பூசி, பாதியைப் பூசாமல் பக்கத்திலேயே வை. நாள்தோறும் நிறுத்து எழுதி, அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா