இலையுதிர் காலத்தில் மலைவாசிகள் கவனிக்க வேண்டியவை

நியூ மெக்ஸிகோவில், சாண்டா ஃபே நகரைச் சுற்றி, கடல் மட்டத்துக்கு 7,000 அடி உயரத்தில் நிற்கும் வறண்ட மலைச்சரிவுகளில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பின்யோன் மரங்களுக்கும் ஜூனிப்பர் புதர்களுக்கும் நடுவே வீடு அமைத்துக்கொண்டு வசிப்பவர்களுக்குச் செப்டம்பர் மாதக் கடைசி மிகவும் ரம்மியமான காலம். கோடை மழை ஓய்ந்து ஆஸ்பென் மரங்கள் பொன்னிறம் கொள்ளும் இந்த நாட்களிலேதான், வரப்போகும் பனியை உணர்ந்து, காட்டு ஜீவன்கள் ஆகாரத்தையும் உறைவிடத்தையும் நாடி மனித வாசஸ்தலங்களை நெருங்கி வருகின்றன. ஆகவே சில காரியங்களை இந்த வாரமே செய்துவிடுவது அவசியம்.

கருங்கரடி, குளிர்கால உறக்கத்துக்கு முன்னால், நாளில் இருபது மணி நேரம் வரைகூட இரை தேடி 20,000 கலோரி உணவு உட்கொள்ளக்கூடியது. ஓக் விதையும் பின்யோன் கொட்டையும் பொய்த்துப்போன வருஷத்தில் அது ஊருக்குள் இறங்காமல் என்ன செய்யும்? பறவைகளுக்குத் தானியம் வைக்கும் கூண்டுகளை இப்போதே அகற்றிவிடுங்கள். தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்யும் ரீங்காரச் சிட்டுகளுக்காக, ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் கலந்து தொங்கவிடும் குப்பியை மட்டும் பகலில் வைத்து, அந்தி சாய்ந்ததும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டியை வண்டி வரும் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும். உதிர்ந்த ஆப்பிள்களை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். 1950-இல் காப்பிட்டான் மலைக் காட்டுத்தீயில் தப்பிய ஒரு கரடிக்குட்டியை ‘ஸ்மோக்கி’ என்று தேசமே கொண்டாடியது இந்த மாநிலத்தின் சரித்திரம். மனித உணவில் ருசி கண்ட கரடியோ அநேகமாய்த் துப்பாக்கிக்கே இரையாகிறது. நம்முடைய அஜாக்கிரதையால் அந்தக் கதி நேரலாகாது.

மான்களுக்கு அன்போடு தீனி போடுகிறவர்கள், மானைத் தொடர்ந்து பூமாவும் முற்றத்துக்கு வரும் என்பதை நினைக்க வேண்டும். எல்க் மான்களுக்கு இது இணைசேரும் பருவமாதலால், ஆண் மானிடமிருந்து 25 கஜமாவது விலகி நிற்பதே விவேகம்.

ஆனால் கரடியைக் காட்டிலும் நான் அதிகமாக அஞ்சுவது, பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட, பார்வைக்கு வெகு சாதுவான காட்டுச் சுண்டெலியைத்தான். 1993-இல், நான்கு மாநிலங்களின் எல்லைகள் கூடும் பிரதேசத்தில், திடகாத்திரமான வாலிபர்கள் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தபோது, அந்தச் சுண்டெலியின் எச்சத்திலிருந்து பரவும் ஹாண்டா வைரஸே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். முந்தைய மாதங்களின் மழையாலும் பனியாலும் விதைகள் மிகுந்து எலிகள் பெருகியிருந்தன. கரடியை மலையிலேயே திருப்தியாக நிறுத்திவைக்கும் அதே செழிப்பு எலியை நம் வீட்டுக்கு அனுப்புகிறது. கால் அங்குலத் துவாரமும் அதற்குப் போதும். அவற்றையெல்லாம் கம்பி நார் திணித்துப் பூசி அடைத்துவிடுங்கள். விறகு அடுக்கைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வீட்டுக்கு 100 அடி தள்ளி அமையுங்கள். வெகுநாள் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். எச்சம் தூளாகிக் காற்றில் கலந்து சுவாசத்தில் புகுவதே அபாயம். அரை மணி நேரம் காற்றோட விட்டு, கையுறை அணிந்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறியபின் காகிதத்தால் துடைத்தெடுக்க வேண்டும்.

எலியோடு சம்பந்தப்பட்ட நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஜுரமும் தொடை, முதுகு வலியும் கண்டால், சளிக்காய்ச்சல் என்று வீட்டில் படுத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எலி விஷயத்தை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் தொடங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மாண்டுபோகிறார்கள். குணப்படுத்தும் மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. சீக்கிரம் கிடைக்கும் தீவிர சிகிச்சையே நம்பிக்கை.

நடிகர் ஜீன் ஹாக்மன் சாண்டா ஃபேயில்தான் ஓய்வாக வாழ்ந்தார். 2025 பிப்ரவரியில், அவரைப் பராமரித்து வந்த மனைவியார் இந்நோயால் வீட்டிலேயே காலமானார். ஞாபக சக்தியை இழந்திருந்த தொண்ணூற்றைந்து வயதுக் கணவர் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து இருதய நோயால் இறந்தார். இருவரும் போன செய்தி அதன்பின்னும் பல நாள் வெளியே எட்டவில்லை. ஏகாந்தத்தை விரும்பி வந்தவர்களே நாம் எல்லோரும். ஆயினும் பாதையைப் பனி மூடுவதற்குள், தினம் ஒரு வேளை டெலிபோனில் பேசுவதற்கும், பதில் வராவிட்டால் நேரில் வந்து பார்ப்பதற்கும் அண்டை வீட்டார் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கட்டும்.