மாரிக்கு முன் கொம்பியூட்டரின் சுமையை இறக்குங்கள்

காலபோக விதைப்பு ஓய்ந்துவிட்டது, பின்னேரங்களில் ஐப்பசி இடி முழங்கத் தொடங்கிவிட்டது. ஓடு மாற்றுகிறோம், விறகை உள்ளே எடுத்து அடுக்குகிறோம், வாய்க்காலை வெட்டி விடுகிறோம். மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கும் கொம்பியூட்டர் மட்டும் யாருக்கும் நினைவில் வருவதில்லை. இந்தக் கிழமைக்குள் ஒரு பகற்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். அடைமழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பைல்கள் பாதி கொப்பியாகியிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டிஸ்க் எந்த நிலையில் எழும்பும் என்றும் தெரியாது.

முதலில் ‘திஸ் பிசி’யைத் திறந்து சி டிரைவைப் பாருங்கள். கோடு நீலமாக இருந்தால் நீங்கள் அவசரப்படத் தேவையில்லை. சிவப்பாக இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சியில் வெள்ளம் நின்றதையும் மறந்திருக்கமாட்டீர்கள். குளம் நிரம்பினால் திறந்துவிடக் கதவாவது இருக்கிறது. சி டிரைவுக்கு அதுவும் இல்லை. நிரம்பினால் அப்டேட் இடைநடுவில் நிற்கும், எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் சேமிக்க மறுக்கும், மெசின் பத்து நிமிடம் யோசித்துவிட்டுத்தான் திறக்கும். 100க்கு 15 பங்காவது காலியாக இருக்கவேண்டும் என்பது என் கணக்கு.

இடத்தை விழுங்கியது எது என்று கேட்டால் பலர் சினிமாப் படங்களைச் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் பக்அப்தான். போன மாதம் விசுவமடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் லாப்டொப்பைத் திறந்தேன். 256 ஜீபி என்று விற்கப்பட்டது, விண்டோஸ் கணக்கில் 238. காலியாக இருந்தது 3. டெஸ்க்டொப்பில் போல்டர்கள் இப்படி வரிசையாக நின்றன: ‘காணி உறுதி’, ‘காணி உறுதி - கொப்பி’, ‘காணி உறுதி - கொப்பி (2)’, ‘உறுதி கடைசி’, ‘உறுதி உண்மையான கடைசி’. பக்கத்தில் ‘போன் படங்கள்’ என்று நான்கு. நான்கிலும் அனேகமாக ஒரே படங்கள். நான் மௌஸில் கை வைத்ததுமே ரீச்சர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்துவிட்டார்.

“தம்பி, ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ. ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? 2009இல் போருக்குள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இரண்டு மூன்று ஷொப்பிங் பைகளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்த சனம் இது. அப்படிக் கொண்டுவர முடியாமற்போனவர்கள் புதுப் பிரதிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை தரம் அலைந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மாரின் கையில் இருப்பதும் ஒரு படம்தான். இந்த மண்ணில் ‘டிலீட்’ என்ற சொல் லேசாகக் காதில் விழாது. ஆகவே ரீச்சருக்குப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்காத ஒன்றைச் சொன்னேன்: ஒரே டிஸ்க்கில் ஐந்து கொப்பி வைத்திருப்பது, ஒரே ஷொப்பிங் பைக்குள் உறுதியை ஐந்து தரம் மடித்து வைப்பதுபோல. பை ஆற்றோடு போனால் ஐந்தும் போகும்.

எனவே அழிப்பதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். வெளியே ஒரு பிரதி போகட்டும். அது சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் வீட்டு டிஸ்க்கில் கை வைக்கவேண்டும்.

வெளிப்பிரதிக்குப் பென் டிரைவ் அல்லது யூஎஸ்பி ஹாட் டிஸ்க் போதும். வாங்கும்போது விலையைப் பாருங்கள்: 2 டெராபைட் என்று எழுதி, 32 ஜீபி விலைக்கு விற்கும் பென் டிரைவ் போலி. அது பைல்களை வாங்கிக்கொள்வதுபோல நடிக்கும். பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. இன்னொரு தொல்லையும் அடிக்கடி வருகிறது. சாமத்தியவீட்டு வீடியோ 6 ஜீபி, பென் டிரைவில் 50 ஜீபி காலி, ஆனாலும் ‘பைல் பெரிது’ என்று விண்டோஸ் மறுக்கிறது. பென் டிரைவில் பழுதில்லை. அது ‘ஃபட்32’ முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒரு தனிப் பைல் 4 ஜீபியைத் தாண்ட முடியாது. ‘எக்ஸ்ஃபட்’ முறைக்கு மாற்றினால் சரி. ஆனால் ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ‘புரொப்பர்ட்டீஸ்’ திறந்து, பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பிறகு பென் டிரைவை முறையாக ‘இஜெக்ட்’ செய்து கழற்றி, வேறொரு கொம்பியூட்டரில் செருகி, உறுதியையும் பழைய படங்கள் நாலைந்தையும் திறந்து பாருங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ரீச்சரின் ‘உண்மையான கடைசி’யில் உறுதியின் இரண்டாம் பக்கமே இல்லை. முதலாவது கொப்பியில்தான் முழுதும் இருந்தது.

சரிபார்த்த டிஸ்க்கை எப்போதும் மெசினில் செருகியே விடாதீர்கள். கொழும்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை ரான்சம்வெயர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் நச்சு மென்பொருள் அது. அரசிடம் பக்அப் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த பக்அப்பும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தது. மூலத்தோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அண்மைக்காலத்துக்கு இருக்கவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை, அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5000இன் கடிதங்கள் இல்லாமற்போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அரசுக்கே அந்தக் கதி என்றால், களவாக இறக்கிய மென்பொருளும் யாரோ தந்த பென் டிரைவும் புழங்கும் நமது மெசின்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா? கழற்றி எடுத்து லாச்சிக்குள் வைத்தால்தான் அது பக்அப்.

இனி அழிக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் இடம் எங்கே போயிருக்கிறது என்று விண்டோஸே காட்டும். ‘விஸ்ட்ரீ’ என்ற சிறு மென்பொருள் இன்னும் தெளிவாகக் காட்டும். வீட்டுப் பாவனைக்கு இலவசம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு நின்றதால் பலர் 11இற்கு மாறினார்கள். அப்படி மாறிய மெசினில் பழைய விண்டோஸ் முழுதும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற போல்டரில் ஒதுங்கி நிற்கும். வழமையாகப் பத்து நாளில் தானாகவே போய்விடும். ரீச்சரின் மெசினில் போகாமல் 22 ஜீபியில் உட்கார்ந்திருந்தது. போல்டரைக் கையால் அழிக்க முயன்று மல்லுக்கட்டாதீர்கள். ஸ்டோரேஜில் ‘டெம்பரரி பைல்ஸ்’ என்பதைத் திறந்து, ‘முந்தைய விண்டோஸ்’ என்பதற்கு மட்டும் சரி போட்டு அழியுங்கள். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று நிற்கும். அதில் சரி போட்டால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாமே போகும். கவனம்.

‘ஃபைல் ஹிஸ்ட்ரி’ வைத்திருப்பவர்களுக்கு: அது ஒவ்வொரு பைலின் பழைய வடிவங்களையும் வெளி டிஸ்க்கில் சேர்த்துக்கொண்டே போகும். நீங்கள் மாற்றாவிட்டால் என்றென்றைக்கும் வைத்திருக்கும். அதன் ‘அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில்’ பழையவற்றைத் துப்புரவாக்கும் பொத்தான் உண்டு; ஒரு வருடத்துக்கு முந்தியதை அழித்தால் போதும்.

மிகப் பெரியது ஐபோன் பக்அப். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்பும் போன்கள் வன்னியில் நிறைய. அதை ஐடியூன்ஸில் செருகி ஒருமுறை பக்அப் எடுத்தால், அது சத்தமில்லாமல் சி டிரைவுக்குள் ‘மொபைல்சிங்க்’ என்ற போல்டரின் உள்ளே போய்ச் சேரும். வேறு டிரைவைத் தெரிவு செய்யும் வசதி ஐடியூன்ஸில் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் எழுத்தும் இலக்கமுமாக ஒரு நீண்ட பெயரில் தனிப் போல்டர். ரீச்சரின் மெசினில் இரண்டு, சேர்த்து 79 ஜீபி. ஒன்று இப்போது பாவிக்கும் போன். மற்றது இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றடியில் விழுந்து செத்துப்போன போன்.

செத்த போனின் பக்அப்தானே, தூக்கி எறியலாம் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்டேன். அவரது தாயார் சாகுமுன் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்தனவாம். வேறெங்கும் இல்லை. அழிக்கும் விதி நேர்மாறாகத்தான் இருக்கவேண்டும்: உயிரோடு இருக்கும் போனின் பக்அப்பை இன்றே அழித்து நாளை புதிதாக எடுக்கலாம், செத்த போனின் பக்அப்தான் கடைசிப் பிரதி. ‘மொபைல்சிங்க்’ இற்குள் இருக்கும் ‘பக்அப்’ போல்டரை முழுதாக வெளி டிஸ்க்குக்குக் கொப்பி செய்தோம். உள்ளே ஒரு பைலைக்கூடப் பிரித்தெடுக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. பிறகு அது திறக்காது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பக்அப் என்றால் அந்தச் சொல் இல்லாமல் அது வெறும் பாரம். பிறகு ஐடியூன்ஸின் பிரிஃபரன்ஸில் ‘டிவைசஸ்’ பகுதிக்குள் போய்த்தான் சி டிரைவில் இருந்ததை அழித்தோம். ஆவணியில் மகன் வரும்போது பாவிக்காத பழைய ஐபோன் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதில் ஏற்றினால் அம்மா பேசுவார்.

அன்ட்ரொயிட் வைத்திருப்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். வட்ஸ்அப்பின் ‘டேட்டாபேசஸ்’ போல்டரைக் கிழமைக்கொருமுறை கொம்பியூட்டருக்குக் கொப்பி செய்து சேர்க்கிறார்கள். அவை பூட்டிய பைல்கள். கொம்பியூட்டரில் வாசிக்க முடியாது, அதே இலக்கத்தோடு வட்ஸ்அப்பில் ஏற்றினால்தான் உயிர் வரும். புதியது ஒன்று இருந்தால் போதும், திகதி போட்ட பழையவற்றை அழியுங்கள். படங்கள் வேறு, அவை ‘மீடியா’ போல்டரில் சாதாரணப் படங்களாகவே இருக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிவிடாதீர்கள்.

வன்ட்ரைவ், கூகுள் போட்டோஸ் வைத்திருக்கிறேன், இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கட்டாய எச்சரிக்கை. அவை கண்ணாடிபோல: வன்ட்ரைவ் போல்டருக்குள்ளோ கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளோ அழித்தால் அங்கேயும் அழியும். வன்ட்ரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் 60 நாள். அதற்குப் பிறகு யாரிடம் முறையிட்டும் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கரண்டும் போன் சிக்னலும் இல்லாமல் எத்தனை நாள் இருந்தோம்? கிளவுட்டில் மட்டும் இருந்த உறுதியை அந்த நாட்களில் யாரும் திறந்து பார்த்திருக்க முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2024, 2025 இரண்டு வருடமும் பரீட்சை மழையால் இடையில் நிறுத்தப்பட்டது. நோட்ஸ்களைப் போனிலும் மெசினிலும் கையருகே வையுங்கள்.

பெரிய பைல்களை அழித்தபிறகும் இடம் கூடவில்லை என்றால் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அதைக் காலியாக்கும்வரை இடம் திரும்பாது. லாப்டொப்பில் எஸ்எஸ்டி என்றால், காலியாக்கியதைக் கடைக்காரர் மீட்டுத்தருவார் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பழைய ஹாட் டிஸ்க்கில் இருந்த அந்த அதிர்ஷ்டம் இதில் அநேகமாகக் கிடைக்காது. பின்னேரம் ரீச்சரின் சி டிரைவில் 130 ஜீபிக்கு மேல் காலியாகியிருந்தது. ‘காணி உறுதி’ ஒன்று மட்டும் நின்றது, இரண்டு பக்கத்தோடும்.

இந்த வேலையை முடிந்தவரை வீட்டில் இருந்தே செய்யுங்கள். மெசினைக் கடையில் விட்டுவிட்டு வந்தால் குடும்பப் படங்களும் அங்கே தங்குகின்றன. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வானம் இருண்டு வந்தால், இடி தொடங்குமுன்பே, கொப்பி எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரையும் அதற்கு வரும் டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும். சுவிட்ச்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுப்பவர்களின் மெசின்தான் பிறகு கடைக்கு வருகிறது.

உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பைல்களை 7-ஸிப்பில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, பென் டிரைவில் ஏற்றி, வெள்ளம் சேர்ந்து வராத இன்னொரு ஊரில் வையுங்கள். கண்டாவளை வீட்டுப் பிரதி பரந்தனில் இருந்து பயனில்லை. ஒரே தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் வரும். ரீச்சர் வவுனியாவில் இருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டார். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் தன் அலுமாரியில் வைத்திருக்கிறார், பென் டிரைவோடு அல்ல. தைப்பொங்கலுக்குத் தங்கை வரும்போது அதைக் கொண்டுவருவார். ஒருமுறை செருகித் திறந்து பார்த்து, புதிதாகச் சேர்ந்தவற்றையும் ஏற்றித் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு.