ஷெட்டில் தூங்கும் ஆர்.எக்ஸ். 100-ஐ எழுப்ப...

அடைமழையில் வண்டி எடுக்க முடியாத ஐப்பசி, கார்த்திகைதான் அப்பாவின் பழைய ஆர்.எக்ஸ். 100-ல் கைவைக்கத் தோதான நேரம்.

1. எடுத்ததும் கிக்கரை உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் நாலைந்து சொட்டு 2டி ஆயில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். காய்ந்த பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும்.

2. டேங்க், கார்புரேட்டர் இரண்டிலும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், துரு ஏறும்.

3. வெடித்த பெட்ரோல் டியூபை மாற்றுங்கள். ஒழுகினால் தீ.

4. ஆயில் பம்பை உடனே நம்பாதீர்கள். குழாயில் காற்று அடைத்திருந்தால் ஆயில் இறங்காது. என்ஜின் ஜாம் ஆகிவிடும். குழாயின் காற்றை வெளியேற்றுங்கள். முதல் 2 லிட்டர் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 25 மி.லி. 2டி ஆயில் கலந்து ஊற்றுங்கள். புகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

5. செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். மண் ஒட்டிய செயின் பல்சக்கரத்தைத் தின்னும்.

6. கழற்றும்போதே கைபேசியில் படமெடுங்கள்; போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். மாட்டி முடித்தபின் இரண்டு மிஞ்சுவது எனக்கு வழக்கம்.