காரீயம் இருந்த இடத்தில் வெள்ளீயம்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு புந்தோங்கில். என் மாமனார் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர். ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன், "ஈயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும் கண்ணாடி கிடைக்கும், அதில் லென்ஸ் செய்யலாம்" என்கிறான். உண்மையா? சீக்கிரம் உருகுகிற கண்ணாடி மட்டமானது இல்லையா?
- ஒரு வாசகி, புந்தோங்

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மைதான் அம்மா. எந்த ஈயம் என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். தமிழில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். கிந்தாவில் தோண்டியது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுதான். கண்ணாடிக்காரர்கள் முந்நூறு ஆண்டுகளாக நம்பியிருந்ததோ காரீயத்தை. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1670களிலேயே அதைக் கலந்து கண்ணாடி செய்தார்.

பனிக்கட்டி போலக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று உருகாது. வெல்லப்பாகு போல அதற்குப் பதம்தான் உண்டு. வெறும் மணலை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். காரீய ஆக்சைடு மணலின் இறுக்கமான பின்னலைத் தளர்த்துவதால், சூடு குறைவாகவே போதும். கண்ணாடியும் ஒளியை நன்றாக வளைக்கும்.

மட்டமா என்று கேட்டீர்கள். லென்ஸ் தொழிலில் சீக்கிரம் இளகுவது பெரிய வரம். முன்பெல்லாம் லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவாக்குவார்கள். கோளத்தின் வளைவை விட்டு விலகிய லென்ஸை அப்படிச் செய்வது பெரும்பாடு. அதனால் கண்ணாடியை இளக்கி அச்சில் அழுத்துகிறார்கள். 1982இல் வந்த கோடாக் டிஸ்க் கேமராவிலேயே அப்படிச் செய்த லென்ஸ் இருந்தது. அச்சு டங்ஸ்டன் கார்பைடு போன்ற விலையுயர்ந்த பொருள். சூடு ஏற ஏற அச்சின் மேற்பரப்பு கெடும், கண்ணாடியும் அதில் ஒட்டிக்கொள்ளும். 300, 400 டிகிரியில் இளகும் கண்ணாடி என்றால் அச்சு நீண்ட நாள் உழைக்கும். லென்ஸின் விலை இறங்குவது அங்கேதான்.

காரீயம் நஞ்சு. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியபோதும் ஒளியியல் கண்ணாடிக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மாற்றுத் தேடும்போது வெள்ளீயம் கைகொடுக்கிறது. தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நிரலில் மேலும் கீழுமாக நிற்பவை, குணமும் நெருக்கம். 1984இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர் டிக், வெள்ளீயம், பாஸ்பரஸ், ஃப்ளோரின் அடங்கிய கண்ணாடிகளைப் பற்றி எழுதினார். அவற்றில் சில, உங்கள் ஊரில் கச்சாங் பூத்தே பொரிக்கும் எண்ணெயின் சூட்டிலேயே இளகிவிடும். இவ்வளவு குறைந்த சூடு என்பதால், சாயப்பொருள்களைக் கருக்காமலே அதில் கலக்க முடிந்தது.

டிக் எழுதியதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. கிந்தா சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. இந்தக் கண்ணாடியால் அவற்றைக் காப்பாற்றியிருக்க முடியாது. லென்ஸுக்குக் கொஞ்சம் போதும், சுரங்கம் பிழைக்க ஆயிரமாயிரம் டன் விற்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பின்னல் தளர்ந்த கண்ணாடியில் ஈரம் எளிதில் ஏறும், கீறல் விழும், சூட்டில் அதிகம் விரியும். உங்கள் மாமனார் தோண்டிய தாது அப்படியே உதவாது. அது ஆக்சிஜன் நிறைந்த வடிவம், 1,600 டிகிரிக்கு மேலும் உருகாமல் நிற்கும். ஆக்சிஜன் குறைந்த வடிவம்தான் தேவை. காற்றுப் பட்டால் அதுவும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால் நைட்ரஜன் சூழலில் உருக்குவது நல்லது.

பையனுக்கு ஆர்வம் இருந்தால் வேதியியலையும் இயற்பியலையும் விட வேண்டாம். குறைந்த சூட்டில் உருகும் இன்னொரு வகையான தெலுரைட் கண்ணாடியைச் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். ஆனால் வீட்டு அடுப்பில் மட்டும் இதைச் செய்துபார்க்க விடாதீர்கள் அம்மா. ஃப்ளோரைடு உருகும்போது எழும் ஆவி நுரையீரலை அரிக்கும்.