சிமெண்டுத் தரைக்கு வியர்க்குமா?

மழைக்காலக் காலை வேளைகளில் சில சமயம் சிமெண்டுத் தரை ஈரமாகப் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் கொட்டவில்லை, கூரையும் ஒழுகவில்லை. அப்படியானால் ஈரம் எங்கிருந்து வந்தது?

சேலம், நாமக்கல் சமவெளியில் இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. கோழித் தீவனத்திற்கான மக்காச்சோளத்தை மூட்டைகளாகக் கிடங்கில் அடுக்கி வைப்பார்கள். அடி மூட்டை ஈரமானால் அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

தரைக்கு ஈரம் வரும் வழிகள் இரண்டு. முதலாவது காற்று. 30° செ. வெப்பமும் 70 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 24° செ. வரை குளிர்ந்தால், அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும். இதுவே அக்காற்றின் பனிநிலை. இரவில் குளிர்ந்த கனமான தரை மெதுவாகவே சூடேறும். தரை பனிநிலையை விடக் குளிர்ந்திருக்கும்போது ஈரக்காற்று அதைத் தொட்டால், நீர்த்துளிகள் படியும். கொட்டகையில் நெடுநாள் நிறுத்தி வைத்த காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கவும் இது ஒரு காரணமாகும்.

இரண்டாவது மண். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் ஈரம் சிமெண்டின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது.

இவற்றுள் எது என்று எப்படி அறிவது? அரை மீட்டர் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேற்புறம் ஈரமானால் அது காற்று தந்தது. அடிப்புறம் ஈரமானால் மண் தந்தது.

மண்ணின் ஈரத்தைத் தடுக்கப் பாலிதீன் விரிப்பு உதவும். காற்றின் ஈரத்திற்கு அது மட்டும் போதாது. விரிப்பும் தரையைப் போலவே குளிர்ந்திருக்குமே! ஆகவே மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஈரக்காற்று வீசும் வேளையில் கதவை மூடி, வறண்ட வேளையில் திறக்க வேண்டும்.

உங்கள் பள்ளித் தரையின் ஈரம் எவ்வகை? சோதித்துப் பாருங்களேன்!